ஒரு விசிலுக்கு நிற்கணும்

துட்டி வீட்டில் சாவுக்கு வருகிறவர்களுக்குப் போடுகிற நாற்காலிகளில் எப்படியும் ஒன்று நொண்டியாக இருக்கும், அது எப்படியும் செண்பகராஜுக்குத்தான் வாய்க்கும். இடது பக்கம் சாய்ந்தால் டக் என்றது, வலது பக்கம் சாய்ந்தால் டக் என்றது. எழுந்து வேறு நாற்காலி பார்க்கலாம்தான். எழுந்தால் நாலு பேர் நிமிர்ந்து பார்ப்பார்கள். எங்கே போகிறான், பின்பக்கம் போகிறானா, போனால் எத்தனை நேரத்தில் திரும்புவான், திரும்பும்போது நடை எப்படி இருக்கும் என்று பார்ப்பார்கள். பார்க்கத்தான் செய்வார்கள், அவர்களைச் சொல்லி என்ன. அதனால் பாரத்தை நடுவில் வைத்து அசையாமல் உட்கார்ந்திருந்தான். அப்படி உட்காருவதும் ஒரு வேலையாகத்தான் இருந்தது. இப்போதெல்லாம் எதுதான் வேலையாக இல்லை. காலையில் எழுந்திருப்பது, பல் விளக்குவது, வெயில் தாழ்ந்து விளக்குப் போடும் நேரத்தைத் தாண்டுவது, முன்பு தன்னால் நடந்ததை எல்லாம் யாரோ கழற்றிப் போட்டுவிட்டு, இந்தா, இனிமேல் நீயே மாட்டிக்கொள் என்று கையில் கொடுத்த மாதிரி இருந்தது. பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஆள் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "எப்ப எடுக்காக?" என்று கேட்டார். "மூத்த மகன் திருப்பூர்லருந்து வரணும்" என்றான் செண்பகராஜ். இதே கேள்வியை வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள், இதே பதிலை அவனும் சொல்லிக்கொண்டிருந்தான், டிக்கெட் கிழித்துக் கொடுக்கிற மாதிரி. உள்ளே ஐஸ் பெட்டிக்குள் படுத்திருப்பவர் டிரைவர் ஆவுடையப்பன். ராஜபாளையம் தென்காசி ரூட்டில் கம்பெனி வண்டிக்கு அவர் டிரைவர், இவன் கண்டக்டர். ஊரில் யாரைக் கேட்டாலும் ரெண்டு பேரையும் சேர்த்தேதான் சொல்வார்கள். அந்த வண்டி இன்றைக்கு ஷெட்டில் நிற்கிறதா, ஸ்பேர் டிரைவரைப் போட்டு ஓட்டுகிறார்களா என்று ஒரு நினைப்பு வந்தது. ஓட்டத்தான் செய்வார்கள், டிரிப்பை யார் விடுவார்.

ஐஸ் பெட்டி மோட்டாரின் சத்தம் வாசல்வரை வந்தது. மேட்டில் ஏறும்போது நம்ம வண்டி போடுகிற முனகல் இதேதான் என்று தோன்றியது, உடனே அந்த நினைப்பைத் தள்ளினான், அது போகவில்லை. புளியங்குடி தாண்டி ஏற்றத்தில் ஆவுடையண்ணன் கியரை மாற்றும்போது உதட்டைக் கடிப்பார் என்று வண்டியில் வருகிறவர்கள் சொல்வார்கள். அவன் பார்த்ததில்லை. இத்தனை வருஷமும் அவன் பார்த்தது அவர் முதுகைத்தான். கழுத்தில் சுற்றின துண்டு, காதோரம் நரை, சட்டையில் வேர்வை வரைந்த உப்புக்கோடு. அவர் பார்த்தது ரோட்டை. ஒரு விசிலுக்கு நிற்கணும், ரெண்டு விசிலுக்கு எடுக்கணும், இதுதான் ரெண்டு பேருக்கும் நடுவில் இருந்த பேச்சு. கூட்டத்தில் விசில் விழுந்து போனால் தகரத்தில் ரெண்டு தட்டு, போலாம் ரைட். பின்னாலிருந்து நூறு பேர் போலாம் போலாம் என்று கத்தினாலும் அவர் எடுக்க மாட்டார், செண்பகம் சொல்லட்டும் என்பார். மாலை போடும்போது இன்றைக்குத்தான் அந்த முகத்தை நேருக்கு நேராக, மேலிருந்து கீழாகப் பார்த்தான். கண்ணாடிக்கு அடியில் மஞ்சளாக இருந்தது. என்னத்துக்குச் செத்தார் என்று கேட்டவர்களிடம் எல்லாம் மஞ்சக்காமாலை என்று சொன்னார்கள். மஞ்சக்காமாலைதான், யார் இல்லை என்றது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்களாம், கேட்கவில்லையாம். எங்கிருந்து வந்தது அந்த மஞ்சள் என்று வாயைத் திறந்து சொல்கிற தைரியம் அந்தத் தெருவில் ஒருத்தருக்கும் இல்லை, அவனுக்கும் இல்லை. கடைசி டிரிப் அடித்து வண்டியை ஷெட்டில் விட்டதும் உடம்பு அலுப்புக்கு என்று ஆரம்பித்தது அது. அலுப்புக்கு என்று சொன்னால் பெண்டாட்டி கூட முதலில் சண்டை போட மாட்டாள், பாவம், நாள் பூராவும் நின்றுகொண்டே வருகிற மனுஷன் என்பாள். அப்புறம் அலுப்பு இல்லாத நாளும் அலுப்பாகிவிட்டது. இப்போது குடி போய்விட்டது, அலுப்பு மட்டும் போகவில்லை, வாடகைக்கு வந்தவன் காலி செய்ய மாட்டேன் என்கிற மாதிரி உடம்பிலேயே உட்கார்ந்திருக்கிறது. மதுரைக்குப் பக்கத்தில் குடியை நிறுத்துகிற மையத்தில் சேரப் போன அன்றைக்கு, "வாங்கண்ணே, சேந்தே போவோம்" என்று அவரையும் கூப்பிட்டான். கெஞ்சிக்கூடப் பார்த்தான். "நீ போயிட்டு வா செண்பகம். ரெண்டு பேரும் போயிட்டா வண்டிய யாரு பாக்குறது" என்று சிரித்தார். வண்டியைப் பார்த்துக்கொண்டார், நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்.

போயிட்டு வா. அந்தச் சொல்தான் அவனை விடவே மாட்டேன் என்கிறது. சிகிச்சை முடிந்து மையத்தைவிட்டுக் கிளம்பும்போது கவுன்சிலர் ரோஸ்லின் மேடத்தைக் கும்பிட்டு, "போயிட்டு வர்றேன் மேடம்" என்று சொல்லிவிட்டான். பழக்கத்தில் வந்துவிட்டது. பிறந்ததிலிருந்து எந்த வாசலைவிட்டு இறங்கும்போதும் அப்படித்தானே சொல்லி வந்திருக்கிறான். மேடம் சிரித்துச் சமாளித்தார். கேட்டில் நின்ற வாட்ச்மேன்தான் தலையில் அடித்துக்கொண்டார். "ஏப்பா, இங்கருந்து போறவன் போறேன்னு சொல்லணும். ஆஸ்பத்திரி, ஜெயிலு, துட்டி வீடு, இந்த மூணு எடத்துலயும் வர்றேன்னு சொல்லக்கூடாது, தெரியாதா உனக்கு?" தெரியாமல் என்ன. திரும்பிப் போய் போறேன் என்று மாற்றிச் சொல்லிவிட்டு வந்திருக்கலாம். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கூட்டிப்போக வந்த பெண்டாட்டி தமயந்தி முன்னால் போய்விட்டாள். அன்றையிலிருந்து அந்தச் சொல் தொண்டையில் மீன்முள்ளாக நிற்கிறது. சோற்றை உருட்டி விழுங்கினாலும் இறங்கவில்லை. அப்போ திரும்பவும் போகத்தான் போகிறோமா, வாயே முன்கூட்டிச் சொல்லிவிட்டதா என்று விடியற்காலையில் விழிப்பு வந்தால் இதே நினைப்புத்தான். தமயந்தியிடம் சொல்லவில்லை. அவள் கேட்டிருப்பாள், கேட்டும் கேட்காத மாதிரி நடந்திருப்பாள். வீட்டுக்கு வந்த அன்றைக்கு அவள் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து, சத்தம் கூட்டாமல் சொன்னாள். "இன்னொரு தரம் உங்க மேல அந்த வாடை அடிச்சதுன்னா நான் சண்டை போட மாட்டேன். அழவும் மாட்டேன். துட்டி வீட்டுலருந்து எந்திரிச்சுப் போற மாதிரி சொல்லாமப் போயிருவேன்." சொல்லிவிட்டு ரசம் ஊற்றினாள். அவள் கத்தியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். கத்துகிற காலத்தில் எல்லாம் அவள் இருந்தாள், கத்தாத குரல்தான் அவனைப் பயமுறுத்தியது. பீரோவில் அவள் சேலைகளை அடுக்கி வைத்திருக்கிற விதம்கூட இப்போது வேறுமாதிரி தெரிகிறது, ஒரே கையில் அள்ளிக்கொண்டு போக வசதியாக.

மத்தியானம் செய்தி வந்தபோது அவன் அரிவாள்மனையில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். வெங்காயம் உரிப்பது மையத்தில் கற்றுக்கொண்டது. கை சும்மா இருந்தால் மனசு கடைத்தெருவுக்குப் போகும், கைக்கு எதையாவது கொடுங்க என்பார் மேடம். வண்டிக்கு இன்னும் திரும்பவில்லை, அதனால் தமயந்தி மில்லுக்குப் போகிற நேரமெல்லாம் சாம்பார், புளிக்குழம்பு, பருப்புத் துவையல் என்று வீட்டுச் சமையல் அவன் கைக்கு வந்துவிட்டது. குழம்பு கொதிக்கிறபோது பக்கத்திலேயே நிற்கணும், அந்த நேரம்தான் அந்த நேரம், இருட்டுகிற நேரம். செய்தியைக் கேட்டதும் வெங்காயத்தைப் போட்டுவிட்டு எழுந்து நின்றான். போகாமல் இருக்க முடியாது. இவன் போகவில்லை என்றால் ஊரில் யார் போவது. தமயந்திக்கு ராத்திரி ஷிப்ட், படுத்திருந்தவள் எழுந்து வந்து அவன் முகத்தைப் பார்த்தாள். அங்கே என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும், ஆம்பளைகள் கூடுகிற துட்டியில் அது இல்லாமல் நடக்குமா. போகாதீங்க என்று அவள் சொல்லவில்லை. போயிட்டு வாங்க என்றும் சொல்ல முடியாது, துட்டிக்குப் போகிறவரை அப்படிச் சொல்லி அனுப்புவார்களா. கொடியிலிருந்து துண்டை எடுத்துக் கையில் கொடுத்து, "வாசல்ல தண்ணி எடுத்து வைக்கேன்" என்றாள். அவ்வளவுதான்.

டீ வந்தது. பேப்பர் கப்பை வாங்கியதும் வாய்க்குக் கொண்டுபோகாமல் மூக்குக்குக் கொண்டுபோனான். பக்கத்து ஆள் அதைப் பார்த்துவிட்டு வேறுபக்கம் திரும்பிக்கொண்டார். வேறு என்ன செய்ய. முன்வாசலில் டீ வருகிற அதே பேப்பர் கப்தான் பின்பக்கமும். சந்துக்குள் மைக்செட்காரன் டாட்டா ஏஸ் நிற்கிறது, அதன் மறைவிலிருந்து ஒவ்வொருத்தராக வாயைத் துடைத்துக்கொண்டு வருகிறார்கள். பார்க்கக்கூடாது என்று வைத்த கண் அங்கேயே போனது. இனிப்பான டீயைக் குடித்தும் தாடை ஓரத்தில் வேறு எதற்கோ ஊறியது. பசி, கோபம், தனிமை, அலுப்பு, இந்த நாலில் எது வந்திருக்கு என்று முதலில் உங்களையே கேட்டுக்கிடுங்க என்று ரோஸ்லின் மேடம் சொல்லியிருக்கிறார். கேட்டுக்கொண்டான். பசி இல்லை, தயிர்ச்சோறு தின்றுவிட்டுத்தான் வந்தான். கோபம் யார்மேல், மஞ்சக்காமாலை மேலா. தனிமை, தெருவை அடைத்துக் கூட்டம், ஆனால் ஒரு முதுகு குறைகிறது. அலுப்பைக் கேட்கவே வேண்டாம். மேடம் நல்ல பொம்பளைதான், சின்ன வயசு, நல்ல படிப்பு. வேண்டாம் என்று சொல்ல ஒத்திகையே வைத்தார். காலி டம்ளரை நீட்டி, குரலைக் கட்டையாக்கி, "மச்சான், ஒரு கட்டிங் போடுறியா?" என்று அவர் கேட்டதும் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். கண்ணைப் பார்த்துச் சொல்லணும், காரணம் சொல்லக்கூடாது, சொல்லிவிட்டு அங்கேயே நிற்கக்கூடாது. செண்பகராஜ் எல்லாரையும்விட நன்றாகச் சொன்னான். வேண்டாம். கணீரென்று சொன்னான், பஸ் ஸ்டாண்டில் ஊர் பேர் சொல்லிக் கூப்பிட்ட தொண்டை ஆயிற்றே, கைகூடத் தட்டினார்கள். வெளியில் வந்த பிறகுதான் அவனுக்கு ஒன்று உறைத்தது. இந்த ஊரில் எவனும் குடிக்கிறியா என்று கேட்கவே மாட்டான். ஒரு தரம்கூட எவனும் அவனிடம் கேட்டதில்லை, அவனும் எவனிடமும் கேட்டதில்லை. தோளில் ஒரு கை விழும், தாடை லேசாக ஒரு பக்கம் திரும்பும், கால் தன்னால் எழுந்துவிடும். கேள்வியே இல்லாத இடத்தில் வேண்டாம் என்று யாரிடம் போய்ச் சொல்ல.

தோளில் கை விழுந்தது. பால்சாமி. கம்பெனியில் ஸ்பேர் டிரைவர், இப்போது அந்த வண்டி அவன் கைக்குத்தான் வரும். நல்ல பையன், கெட்ட எண்ணம் கிடையாது, அழுது அழுது கண் சிவந்திருந்தது, அழுததில்தான் சிவந்தது என்றும் சொல்ல முடியாது. "அண்ணே, இப்படி வெயில்ல உக்காந்திருக்கீக. வாங்க, அங்கிட்டு நெழல்ல நிப்போம்" என்றான். நிழலுக்குத்தான் கூப்பிடுகிறான். நிழல் வேண்டாம் என்று கண்ணைப் பார்த்து, காரணம் சொல்லாமல் எப்படிச் சொல்வது. சொன்னால் பைத்தியம் என்பான். செண்பகராஜ் எழுந்தான். நாற்காலி டக் என்றது. சந்துக்குள் நடக்கும்போதே தெரிந்தது, எங்கே போகிறோம் என்று ஒவ்வொரு எட்டுக்கும் தெரிந்தது. தெரியாமல் போய்விட்டேன் என்று நாளைக்குச் சொல்லவே முடியாது. ஆசை கடல் அலை மாதிரி, ஏறும், நிற்கும், இறங்கிவிடும், இறங்குகிறவரை பிடித்துக்கொண்டு நின்றால் போதும் என்றார் மேடம். ராஜபாளையத்தில் கடல் எங்கே இருக்கிறது. அவனுக்குத் தெரிந்தது மலைமேல் மேகம் கட்டுவதும், கட்டினால் பெய்யாமல் போகாது என்பதும்தான். டாட்டா ஏஸ் ஓரம் உண்மையிலேயே நிழலாக இருந்தது. மூன்று நாலு பேர் நின்றார்கள், இவனைக் கண்டதும் பேச்சை நிறுத்தி இடம் விட்டார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. பால்சாமி ஒரு பேப்பர் கப்பைக் கையில் கொடுத்தான், வாங்கினது இவன் கைதான். இத்தனை நாளும் எந்தக் கடையைத் தாண்டும்போதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தவன் இப்போது மூச்சை விட்டான், உள்ளே போகும் மூச்சோடு அதுவும் போனது. எத்தனை சுகமாக இருந்தது என்று சொன்னால் தமயந்திக்குப் புரியாது, புரிந்தால் இன்னும் மோசம். "ஒங்களப் பத்திதாண்ணே கடைசிவரைக்கும் பேசிக்கிட்டு இருந்தாரு" என்றான் பால்சாமி. "செண்பகம் தப்பிச்சுட்டான்டான்னு ரெண்டு மூணு தரம் சொன்னாரு." தப்பிச்சுட்டான். கப்பு விளிம்பு உதட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. இது அவருக்காக என்று மனசு ஒரு பக்கம் சொன்னது, எவ்வளவு மரியாதையான பேச்சு பாருங்கள், ஜோடி செத்திருக்கிறார், ஒரு வாய், அவருக்காக. சேலைகள் ஒரே கையில் அள்ளுகிற மாதிரி அடுக்கியிருந்தன. ஒரு வாய். போயிட்டு வர்றேன் மேடம்.

தெருமுனையில் ஆட்டோ வந்து நின்றது. "அய்யா, என்னப் பெத்த அய்யா" என்று கத்திக்கொண்டு மூத்தவன் இறங்கி ஓடினான், வீட்டுக்குள் அடங்கியிருந்த அழுகை மொத்தமாக எழுந்தது. சந்தில் நின்றவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள், யாருடைய முழங்கையோ இடித்தது. கப்பு சாய்ந்து இவன் புறங்கையிலும் சட்டைக் கையிலும் கொட்டியது. மிச்சத்தை என்ன செய்தான் என்று யாராவது சத்தியம் வாங்கினாலும் அவனால் சரியாகச் சொல்ல முடியாது, டயருக்கு மேல் வைத்த ஞாபகம். குடிக்கவில்லை. அது மட்டும் தெரியும். நானாகவா வைத்தேன், மூத்தவன் மட்டும் அழுதுகொண்டு வந்திருக்காவிட்டால் வைத்திருப்பேனா, அது தெரியாது. இதை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது, ஜெயித்த கணக்கிலா தோற்ற கணக்கிலா என்று யோசித்துக்கொண்டே கூட்டத்தோடு முன்வாசலுக்கு வந்தான். அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. நீர்மாலை எடுத்து வந்தார்கள், கோடி போட்டார்கள், வாய்க்கரிசி போட்டார்கள், தூக்குங்கப்பா தூக்குங்கப்பா என்று யாரோ அதட்டினார்கள். தலைமாட்டில் ஒரு கை கொடுத்தபோது, இந்த மனுஷன் இத்தனை கனமா என்று இருந்தது, பிறகு அது கனம் இல்லை, ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த குளிர்ச்சியாக இருக்கும் என்று தோன்றியது.

அமரர் ஊர்தி என்று எழுதிய வேனில் ஏற்றினார்கள். இரண்டு பக்கமும் பெஞ்சு. மகன்கள் ஏறினார்கள், அப்புறம் அடித்துப் பிடித்துக்கொண்டு ஆம்பளைகள் ஏறினார்கள், பால்சாமி மடியில் ஒரு மஞ்சள் பையை அணைத்துக்கொண்டு ஏறினான். பைக்குள் என்ன இருக்கிறது என்று இவனுக்குச் சொல்லவா வேண்டும், சுடுகாட்டில் வேகிறவரை நிற்க வேண்டுமே. பக்கத்தில் ஒரு ஆளுக்கு இடம் போட்டு வைத்து, "அண்ணே, ஏறுங்க" என்றான். "நீங்கதாண்ணே மொதல்ல ஏறணும்" என்றார் இன்னொருத்தர். "செண்பகம் இல்லாமயா" என்றார் இன்னொருத்தர். கடைசி டிரிப். அதுவும் நியாயம்தானே. இதற்கு வேண்டாம் என்று எந்த மையத்தில் ஒத்திகை வைப்பார்கள். வேன் டிரைவர் புது ஆள், இஞ்சினைப் போட்டுவிட்டு உறுமவிட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தான், எல்லாரும் ஏறியாச்சா, எடுக்கலாமா என்று தெரியாமல் பார்த்தான். ஆளாளுக்குப் பேசினார்கள், எடு என்று ஒருத்தரும் சொல்லவில்லை. படியோரத்தில் செண்பகராஜ் நின்றான். இடது கை கம்பியைப் பிடித்திருந்தது, எப்போது பிடித்தது என்று தெரியவில்லை. கண் உள்ளே போய்த் திரும்பி வந்தது, எல்லாரும் உட்கார்ந்தாயிற்று, படியில் ஆள் இல்லை, பின்னால் வண்டி வரவில்லை. வலது கை தகரத்தில் ரெண்டு தட்டுத் தட்டியது.

"போலாம், ரைட்."

கணீரென்று விழுந்தது. துட்டி வீட்டு வாசலில், பொணத்தை வைத்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு மாதிரி. அழுதுகொண்டிருந்த பொம்பளைகள் நிறுத்திவிட்டார்கள். செண்பகராஜுக்குக் காது மடல்வரை சுட்டது, நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது, குடிச்சிட்டு உளறுறான் என்று சொல்லப்போகிறார்கள், சட்டையில் வாடையும் இருக்கிறது. வாசல்படியில் இரண்டு பேர் பிடித்திருந்த ஆவுடையப்பன் பெண்டாட்டி கோமதி தலையைத் தூக்கி இவனைப் பார்த்தாள். "அந்தச் சத்தத்துக்குத்தான இம்புட்டு நேரமும் படுத்துக் கெடந்தாரு" என்றாள். "நீ சொல்லாம அவரு எங்க எடுப்பாரு, தம்பி." சொல்லிவிட்டு அவள் அழுத அழுகை அதுவரை அழுததெல்லாம் அழுகையே இல்லை என்கிற மாதிரி இருந்தது.

வேன் நகர்ந்தது. கம்பியைப் பிடித்தபடியே ரெண்டு எட்டு கூடவே ஓடினான், இந்த ஓட்டமும் உடம்பிலே ஊறினது, இதில் மூன்றாவது எட்டில் கால் படிக்குப் போய்விடும், போகாமல் இருந்ததே இல்லை, உள்ளேயிருந்து பால்சாமி கையை நீட்டினான். கால் எழும்பியது. செண்பகராஜ் கம்பியை விட்டான். தள்ளாடிப் போய் மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். வேனுக்குள்ளிருந்து பால்சாமி "அண்ணே, அண்ணே" என்று கூப்பிட்டது கேட்டது, அப்புறம் கொட்டுச் சத்தத்தில் அமுங்கிவிட்டது. வண்டியை எடுக்கச் சொல்லிவிட்டு ஏறாமல் நின்றது இதுதான் முதல் தரம். ஆவுடையண்ணே, நீங்க போங்க. அப்படி நினைத்த பிறகுதான் அழுகை வந்தது, துண்டை வாயில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதான். மரியாதை தெரியாதவன், ஜோடிக்குச் சுடுகாடுவரை வராதவன் என்று நாளைக்கு ஷெட்டில் பேசுவார்கள். பேசட்டும், பேசிவிட்டுப் போகட்டும், கேட்டுக்கொள்ளத் தெம்பு வேண்டும், அதை நாளைக்குத் தேடிக்கொள்ளலாம். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினான். இந்த வாசலில் சொல்லிக்கொண்டு போகத் தேவையில்லை.

வீட்டுக்கு நடந்தே வந்தான். வழியில் தெருக்குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சட்டைக் கையை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தான், மணந்தது, நன்றாகவே மணந்தது. கசக்கிக் கழுவிவிடலாம், ஒரு நிமிஷ வேலை. கழுவினால் வாடை போகும், கழுவினான் என்பது போகாது. சட்டைக் கை மட்டும் நனைந்து வருகிறவனை இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தினவள் என்னவென்று நினைப்பாள். பாக்கு வாங்கிப் போட்டுக்கொண்டு, வேப்பங்குச்சியைக் கடித்துக்கொண்டு, வெங்காயத்தைத் தேய்த்துக்கொண்டு அவன் வந்து நின்ற சாயங்காலங்கள் அவளுக்கு மறந்தா போயிருக்கும். கழுவவில்லை. காலை எட்டிப் போடவும் முடியவில்லை, நின்றுவிடவும் முடியவில்லை. உடம்பு பூராவும் அலுப்பு, எங்கேயாவது படுத்துக்கொண்டால் தேவலை, இந்த ரோட்டோரத்தில் படுத்தால்கூடச் சரிதான், அப்படிப் படுத்துக் கிடந்ததும் உண்டு. இல்லை, குடிக்கவில்லை என்று முதலில் சொல்லணுமா, அவள் கேட்டபிறகு சொல்லணுமா. குடிக்காத நாளில் குடிக்கவில்லை என்று சொல்லி அவனுக்குப் பழக்கம் இல்லை. அந்த வாக்கியத்தைக் குடித்த நாட்களில்தான் சொல்லியிருக்கிறான், எத்தனை ஆயிரம் தரம் சொல்லியிருப்பான், தேய்ந்துபோய்விட்டது, இனிமேல் அது செல்லாது.

வாசல் ஓரத்தில் அண்டா நிறையத் தண்ணீரும் செம்பும் இருந்தன. மில் யூனிபார்ம் சேலை கட்டித் தலை பின்னித் தயாராக நின்றாள் தமயந்தி. "எடுத்தாச்சா?" என்றாள். தலையை ஆட்டிவிட்டுக் கல்லில் உட்கார்ந்தான். செம்பில் மொண்டு பக்கத்தில் வந்தவள் அப்படியே நின்றாள். செம்பு நின்றது. மூக்குக்கு வந்துவிட்டது என்று தெரிந்தது. அவள் கோபப்படவில்லை, செம்பை மெல்ல அண்டாவின் மேல் வைத்தாள். வைத்த சத்தம்கூடக் கேட்கவில்லை. அவள் கால் ஒரு எட்டு வீட்டுப் பக்கம் திரும்பியது.

"சட்டையில கொட்டிருச்சு" என்றான். "கையில வாங்கிட்டேன் தமயந்தி. வாய்வரைக்கும் போச்சு. குடிக்கல. சுடுகாட்டுக்கு வண்டி போயிருச்சு, நான் ஏறல."

அவள் திரும்பிப் பார்த்தாள். நம்பினாள் என்று சொல்ல முடியாது, அந்த முகத்தில் நம்புகிறதுக்குத் தெம்பே இல்லை. கிட்ட வந்து குனிந்தாள், அவன் வாய்க்கு நேராக முகத்தைக் கொண்டுவந்தாள். அவள் கண்ணுக்குக் கீழே ராத்திரி ஷிப்ட் கறுப்பாகத் தேங்கிக் கிடந்தது.

"ஊதுங்க."

அவன் ஊதினான். ஒரே தரம், நீளமாக ஊதினான்.

தமயந்தி நின்றாள். பிறகு செம்பை எடுத்து, "தலையக் குனிங்க" என்று சொல்லித் தண்ணீரை ஊற்றினாள்.